வெட்டுக்கிளிக்கு முகம் கிடையாது: பன்னிரண்டு சனிக்கிழமைக்கு ஒரு நாவல்

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். ஊர் ஊராகப் போய் வாயனசாலைகளை, அதாவது கிராம நூலகங்களை, உண்டாக்கிய பி.என். பணிக்கர் 1995-ல் இறந்த நாள் அது. அன்றைக்கு எல்லா வாயனசாலையிலும் மைக் செட் கட்டி யாராவது பேசுவார்கள். பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, வடகரப்பதிப் பக்கம் இருக்கும் எங்கள் வாயனசாலையில் பேச்சைச் சுருக்கிக்கொண்டு பிள்ளைகளோடு ஒரு நாவலைத் தொடங்குவது வழக்கம். ஏழாம் கிளாஸ், எட்டாம் கிளாஸ் பிள்ளைகள் பதினான்கு பேர், எல்லாரும் தமிழ் மீடியம். சனிக்கிழமை நாலு மணிக்கு வருவார்கள். ஓணம் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். இந்த வருடம் எடுத்துக்கொண்ட பொருள், காசில்லாத காலத்தில் ஒரு விவசாயக் குடும்பம், அதைப் பார்த்துக்கொண்டே வளரும் ஒரு குழந்தை. எந்த நாவல் என்பதில்தான் எனக்கும் நூலகர் அண்ணனுக்கும் இரண்டு மாதம் இழுபறி.

இந்தப் பொருளுக்குக் காரணம் 2016. எங்கள் சித்தூர் தாலுகாவில் இருப்பவர்களுக்கு அந்த வருடத்தை விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்து, அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தார்கள். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை ஓலைக்கு அடியில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் அதே வருடம்தான். கீழோலையெல்லாம் கரி பூசியது போலக் கறுத்துப் போனது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். ஒரு வாரத்துக்குள் மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. எங்கள் ஊரில் விவசாயியின் காசு, கடன் இரண்டுமே பெரும்பாலும் கூட்டுறவு வங்கியில்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது அங்கன்வாடிக்குக்கூடப் போகாத வயது. அம்மாவின் வளையல் எப்போது போனது, அப்பா ஏன் திருப்பூருக்கு வேலைக்குப் போனார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாதிக் கதையாகத்தான் தெரியும்.

போன வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு புரியாது. ஒரு சிறுகதையைப் படித்து முடித்துவிட்டு, "உங்க வீட்டுல கஷ்டமா இருந்த ஒரு நாளை எழுதுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பெண் தாலிக்கொடி அடகுக்குப் போன நாளை எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். நான் அதைச் சத்தமாக வாசித்தேன். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வாயனசாலை வாசலில் நின்றார். "எங்க வீட்டு அடகுச் சீட்டு உங்களுக்குப் பாடமா டீச்சர்?"

பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அந்தக் கேள்வியோடுதான் புரட்டுகிறேன். தன் வீட்டைக் காட்டிக்கொடுக்காமல் தன் வீட்டைப் பற்றிப் பேச ஒரு பிள்ளைக்கு இந்தப் புத்தகம் இடம் கொடுக்குமா? முதல் அளவுகோல் அதுதான். இரண்டாவது அளவுகோல் புத்தகங்களைப் படித்த பிறகு கிடைத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நூலகர் அண்ணனின் முதல் யோசனை பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000-ல் வந்த நாவல். கொங்குச் சீமையில் கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் கூளையனும் அவனுடைய கூட்டாளிகளும்தான் கதை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அந்த மண், அந்தப் பேச்சு. குழந்தைகளைப் பற்றியது என்றாலும் குழந்தைகளுக்காக எழுதியது இல்லை, முடிவும் கடுமை. அது போகட்டும், எனக்கு வேறு பயம். எங்கள் பதினான்கு பேரில் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை உண்டு, அதே தோப்பில் தேங்காய் பொறுக்கப் போகிறவரின் பிள்ளையும் உண்டு. கூளையன் என்ற பெயரைச் சொன்னதும் பதிமூன்று தலைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஐந்து வருடம் கழித்து அந்தப் பையனே இதை எடுத்துப் படிக்கட்டும். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இது ரொம்பப் பக்கம்.

அடுத்தது எலிசபெத் என்ரைட்டின் 'திம்பிள் சம்மர்'. 1939-ல் அமெரிக்கக் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கியது. விஸ்கான்சின் மாகாணத்தில் வறட்சிக் காலம். கார்னெட் என்ற சிறுமி வற்றிய ஆற்றுப் படுகையில் ஒரு வெள்ளி விரலுறையைக் கண்டெடுக்கிறாள், அன்று ராத்திரியே மழை. அப்பாவுக்கு அரசாங்கக் கடன் கிடைக்கிறது, புதுக் களஞ்சியம் கட்டுகிறார்கள், கார்னெட் வளர்த்த பன்றிக்குட்டி கண்காட்சியில் பரிசு வாங்குகிறது. இதமான புத்தகம். கடன் கிடைப்பதே ஒரு நல்ல செய்தியாக இருக்கும் வீட்டை இதில் பார்க்கலாம், அது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான். ஆனால் முதல் நாளே மழை பெய்துவிட்டால் மீதிப் பதினொரு வாரத்துக்கு நான் என்ன பேசுவது? ஐந்தாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காரன் ஹெஸ்ஸியின் 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' எனக்கு ரொம்பப் பிடித்தது. மறுத்ததும் நான்தான். ஒக்லஹோமாவில் 1934, 35-ம் வருடங்களின் புழுதிப் புயல் காலம். முழு நாவலும் வசன கவிதை. ஒவ்வொரு துண்டும் ஒன்றிரண்டு பக்கம்தான், உட்கார்ந்த இடத்தில் தமிழில் சொல்லிவிடலாம். ஆங்கிலம் தடுக்குகிற பிள்ளைகளுக்கு இவ்வளவு வசதியான புத்தகம் வேறு இல்லை. கோதுமை பொய்த்துக்கொண்டே இருக்கிறது, அப்பா கோதுமையை விடமாட்டேன் என்கிறார். நிலக்கடலையை விட மனசில்லாத தாத்தாக்களை எங்களுக்குத் தெரியும் என்பதால் அவரைப் புரிகிறது. ஆனால் நடுவில் மண்ணெண்ணெய் வருகிறது. அடுப்புப் பக்கத்தில் அப்பா வைத்த வாளியைத் தண்ணீர் என்று அம்மா எடுத்துவிடுகிறார். தீப்பிடித்த வாளியை வெளியே வீசும் பில்லி ஜோ தன் கையாலேயே அம்மாவுக்குத் தீ வைத்தவளாகிறாள். பதினான்கு வயது அவளுக்கு. மண்ணெண்ணெய்ச் சாவு என்றால் என்னவென்று தெரிந்த தெருக்கள் எங்கள் ஊரிலும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை சந்திக்கிற எனக்கு, மீதி ஆறு நாளில் அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று தெரியாது. தினமும் பார்க்கிற வகுப்பு டீச்சர் ஒருவேளை துணியலாம்.

ஆக, கடைசியில் நின்றவை இரண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'ஆன் தி பேங்க்ஸ் ஆஃப் பிளம் க்ரீக்', மில்ட்ரெட் டி. டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'.

பிளம் க்ரீக் 1937-ல் வந்தது. மினசோட்டாவில் ஓடைக்கரையில் மண்ணைக் குடைந்த வீட்டில் லாராவின் குடும்பம் குடியேறுகிறது. கோதுமை நன்றாக முளைத்து நிற்கிறது. அந்தக் கோதுமையை நம்பி அப்பா மரக்கடையில் கடன் சொல்லி வாங்கிய பலகையில், கண்ணாடி ஜன்னலோடு புது வீடு கட்டுகிறார். அப்புறம் வானத்தில் பளபளவென்று ஒரு மேகம். மேகம் இறங்கினால் அத்தனையும் வெட்டுக்கிளி. கதிர் இல்லை, புல் இல்லை, கடன் மட்டும் நிற்கிறது. அப்பா கிழக்கே வேறு ஊருக்கு அறுப்பு வேலைக்கு நடந்து போகிறார். காலில் ஒட்டுப்போட்ட பழைய பூட்ஸ். புது பூட்ஸுக்குச் சேர்த்த மூன்று டாலரை சர்ச் மணி வாங்கக் கொடுத்திருந்தார்.

இதில் ஒரு நாவலுக்குள் இரண்டு கஷ்ட காலம் இருக்கிறது. கதை நடப்பது 1870-களில். 1873-ல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்து பெரிய மந்தம் வந்தது, அந்த வருடமே வெட்டுக்கிளிப் படையும் தொடங்கி 1877 வரை நீண்டது. எழுதி வெளியானது 1930-களின் பெருமந்தத்தில். தன் சின்ன வயசுக் கஷ்டத்தை இன்னொரு கஷ்ட காலத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதினால் எதைச் சேர்ப்பார், எதை விடுவார் என்று பிள்ளைகளோடு பேச இது நல்ல இடம். கோடிக்கணக்கில் வந்த அந்த ராக்கி மலை வெட்டுக்கிளி இனமே பிற்பாடு அழிந்துவிட்டது, 1902-க்குப் பிறகு உயிரோடு யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் எந்தப் பையனும் வாயைப் பிளப்பான். அத்தியாயங்கள் நாற்பதுக்கு மேல், எல்லாம் சின்னச் சின்னது. ஆங்கிலமும் எளிது.

சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை வெட்டுக்கிளி அத்தியாயத்தைச் சோதனைக்கு வாசித்தோம். கூட்டம் களைகட்டிவிட்டது. வெள்ளை ஈ, செம்பான் சிலந்தி, கூன்வண்டு என்று ஆளுக்கொரு பூச்சி சொன்னார்கள். ஒரு பையன், விளையாத கோதுமையை நம்பி எப்படிக் கடைக்காரர் கடன் கொடுத்தார் என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவள், "எங்கப்பாவுக்கு வெளஞ்ச நெல்ல அளந்து குடுத்த பொறகுதான் கடனே வந்துச்சு" என்றாள். அரசுக்கு அளந்த நெல்லின் விலை இங்கே பி.ஆர்.எஸ். என்ற நெல் ரசீதுச் சீட்டின் மேல் வங்கிக் கடனாகத்தான் கைக்கு வரும், அதைச் சொல்கிறாள். அவள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் லாராவின் அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய முதல் அளவுகோலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அண்ணன் அப்போதே முடிவு பண்ணிவிட்டார். எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. முதலாவது நிலம். அந்த ஓடைக்கரை யாருடையதாக இருந்தது? 1862-ல் நடந்த போருக்குப் பிறகு டகோட்டா மக்களை மினசோட்டாவிலிருந்து விரட்டிவிட்டார்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து வருகிற லாராவின் கண்ணுக்கு அது வெறும் புல்வெளி. வைல்டரின் புத்தகங்களில் பழங்குடிகளையும் கறுப்பர்களையும் பற்றி வரும் வரிகளுக்காகவே, அவர் பெயரில் இருந்த விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்துக் குழந்தைகள் பிரிவு 2018-ல் மாற்றியது. எங்கள் கூட்டத்தில் எரவாளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் அந்தப் புல்வெளியை வெறும் புல்வெளி என்று சொல்லிக் கடந்து போக எனக்கு வாய் வராது. இதைச் சொல்லிக்கொடுத்தே சரிக்கட்டலாம் என்றார் அண்ணன். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது உறுத்தலைச் சொல்லிக்கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. வெட்டுக்கிளிக்கு முகம் கிடையாது. வானத்திலிருந்து வருகிறது, தின்கிறது, போகிறது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்கிறார், அம்மா சிக்கனம் பிடிக்கிறார், குடும்பம் நிற்கிறது. இதையே பன்னிரண்டு வாரம் படித்தால் கஷ்ட காலம் என்பது மழை மாதிரி ஏதோ ஒன்று, பொறுத்தால் போய்விடும் என்றுதான் பிள்ளை மனதில் பதியும். 2016-ல் மழை பொய்த்ததற்கு வேண்டுமானால் முகம் இல்லாமல் இருக்கலாம். கந்துவட்டிக்குக் கொடுத்த பிளேடுக்காரன் வாசலில் வந்து நின்றானே, அவனுக்கு முகம் இருந்தது. இதுதான் என் இரண்டாவது அளவுகோல்.

டெய்லரின் நாவலில் முகங்கள் இருக்கின்றன. 1976-ல் வந்து 1977-ல் நியூபெரி வாங்கியது. மிசிசிப்பி, 1933. ஒன்பது வயது கேஸி லோகன் கதை சொல்கிறாள். கறுப்பர் குடும்பம், சொந்தமாக 400 ஏக்கர், அதில் பாதிக்கு அடமானக் கடன் நடக்கிறது. 1930-ல் பருத்தி விலை விழுந்ததும் வரியும் தவணையும் கட்டுவதற்காக அப்பா லூசியானாவில் ரயில் பாதை வேலைக்குப் போகிறார். லாராவின் அப்பா போனதும் கூலிக்குத்தான், கேஸியின் அப்பா போவதும் கூலிக்குத்தான். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். ஆனால் கேஸியின் வீட்டைச் சுற்றிப் பங்குக்கு உழுகிறவர்கள் இருக்கிறார்கள். விளைந்த பருத்தியில் பாதி நிலக்காரருக்கு. சாமான் வாங்குவது வாலஸ் கடையில், நிலக்காரர் ஜாமீனில், வட்டிக் கடனுக்கு. அந்தக் கடைக்காரர்கள் கொடுமை செய்தவர்கள் என்பதற்காக அங்கே போக மாட்டோம் என்று சனங்கள் நிற்கும்போது, பெரிய நிலக்காரர் கிரேஞ்சர் தன் பங்கை 50 சதவீதத்திலிருந்து 60 ஆக்குகிறார். பூச்சி இல்லை, புயல் இல்லை. ஒரு மனிதர் வாயைத் திறந்து ஒரு எண்ணைச் சொல்கிறார்.

கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே சட்டப்படி கிடையாது. ஆனால் வாய்ப் பேச்சில் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர்கள் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதே சட்டத்தில்தான் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துகளில் பத்து சென்ட் கிடைத்தது. "எங்க வீடு ஏன் பத்து சென்ட், தோப்பு ஏன் பத்து ஏக்கர்" என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு என்று தெரிந்துகொள்ள இந்த நாவல் ஒரு வாசல். பிளம் க்ரீக் வழியாக அங்கே போய்ச் சேர முடியாது.

இதன் குறைகளும் சின்னது இல்லை. அத்தியாயங்கள் நீளம், கணக்காகப் பன்னிரண்டு. வாரத்துக்கு ஒன்று என்றால் சரியாக வருகிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முழுசாக வாசிக்க முடியாது. பாதி வாசித்து மீதியைக் கதையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலம் இல்லை, தெற்கத்திக் கறுப்பர் வீட்டுப் பேச்சு. இதை அண்ணன் குறை என்றார், நான் பலம் என்றேன். எங்கள் தமிழும் பாடப்புத்தகத் தமிழ் இல்லையே. பாலக்காடு டவுனுக்குப் போனால் பாண்டி, கோயமுத்தூர் போனால் மலையாளத்தான். இந்தத் தமிழிலேயே கேஸியைப் பேச வைத்துவிடலாம். அப்புறம் வன்முறை. ராத்திரியில் வண்டிகளில் வந்து வீட்டை வளைக்கிறவர்கள், ஆட்களைக் கொளுத்துகிறவர்கள் எல்லாம் வருகிறார்கள். 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' நாவலின் மண்ணெண்ணெய்க்கு மறுத்த நான் இதற்கு எப்படிச் சம்மதிப்பேன் என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே குற்றம் அந்தப் பிள்ளையின் கையிலேயே வந்து ஒட்டுகிறது, இங்கே பிள்ளைகள் நடக்கிறதைப் பார்க்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் கூட நிற்கிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம் போதும். எல்லாருக்கும் போதுமா என்று கேட்டால், போதாது என்கிறவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

முதல் அத்தியாயத்தையும் ஒரு சனிக்கிழமை சோதித்தோம். கேஸியின் ஆறு வயதுத் தம்பி, லிட்டில் மேன் என்று கூப்பிடுவார்கள், பள்ளியில் முதல் நாள் புத்தகம் வாங்குகிறான். கிழிந்த, அழுக்குப் புத்தகம். உள்ளட்டையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1922-ல் புதுசாக வந்து பதினொரு வருடம் வெள்ளைப் பிள்ளைகள் கை மாறி, பன்னிரண்டாவது வரிசையில் 'ரொம்ப மோசம்' என்ற நிலைமையில் இவனுக்கு வருகிறது. இனம் என்ற கட்டத்தில் ஒரு வசவு. அவன் புத்தகத்தைத் தூக்கி எறிந்து மிதிக்கிறான். டீச்சர் அடிக்கிறார். அவனுடைய அம்மாவும் அதே பள்ளியில் டீச்சர்தான். அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் பட்டியலின் மேல் தாளை வெட்டி ஒட்டி மறைக்கிறார்.

வெட்டுக்கிளி நாளின் கலகலப்பு அன்றைக்கு இல்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், அந்த வசவு 'பாண்டி' மாதிரியா?" ஆமாம், அதைவிட மோசம் என்றேன். அதற்கப்புறம் அடைமழைதான். தமிழ் மீடியம் புத்தகம் தாமதமாக வந்த வருடத்தைப் பற்றி ஒருத்தி, அண்ணன் படித்த புத்தகத்தையே தான் படித்ததைப் பற்றி இன்னொருத்தி. எரவாளர் பிள்ளைகளில் மூத்தவள், தாள் ஒட்டி மறைத்தால் எழுத்து போய்விடுமா என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டாள். தோப்புக்காரர் வீட்டுப் பெண் எதுவும் பேசவில்லை. போகும்போது என்னிடம் வந்து, "அதுல நல்ல வெள்ளக்காரப் பிள்ளைங்களே கெடையாதா டீச்சர்?" என்றாள். ஜெர்மி என்று ஒருவன் வருவான், தன் வீட்டார் அடித்தாலும் இவர்களோடுதான் நடப்பான் என்றேன். அவள் உட்கார ஒரு இடம் புத்தகத்துக்குள் இருக்கிறது. கூளமாதாரியிலும் செல்வன் இருக்கிறான், பண்ணயக்காரர் வீட்டுப் பையன், ஆனால் அந்த இடத்தில் உட்காரச் சொல்லி ஒரு குழந்தையிடம் என்னால் சொல்ல முடியாது.

ஆக, ரோல் ஆஃப் தண்டர். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் கூட்டமென்றால் யோசிக்காமல் பிளம் க்ரீக் எடுங்கள், டகோட்டா மக்களின் கதையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் கூட்டத்துக்கும் வெட்டுக்கிளி அத்தியாயத்தை விட மனசில்லை. கிரேஞ்சர் 60 சதவீதம் கேட்கிற வாரம் அதை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசிப்பதாக இருக்கிறோம்.

நடத்துகிற முறையில் ஒன்றே ஒன்றுதான் கறார். வீட்டுக் கதை எழுதச் சொல்லக் கூடாது. பதிலுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் லோகன் வீட்டு வரவு செலவை வாரா வாரம் பிள்ளைகளே எழுதுவார்கள். அப்பா அனுப்பியது, வரி, தவணை, அம்மாவின் டீச்சர் வேலை போன வாரம், வங்கி முழுக் கடனையும் கேட்ட வாரம், பெரியப்பா காரை விற்ற வாரம். வேண்டியவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை மனசுக்குள் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

போன வாரம் பால் சொசைட்டியில் அந்த அடகுச் சீட்டு அம்மாவைப் பார்த்தேன். மகளை அனுப்புவாரா என்ற பயத்தில் நானே வலியப் போய் இந்த வருடக் கதையைச் சொன்னேன். கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

"கடைசியில நெலம் நின்னுச்சா டீச்சர்?"

"நின்னுச்சு. பருத்தியில ஒரு பங்கு தீயில போச்சு."

"அப்ப அடுத்த வருசத்து வரிய எதுல கட்டுனாங்க?"

அது புத்தகத்தில் இல்லை என்றேன். சனிக்கிழமை நாலு மணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.